மெஷினுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவுல ஒரு ஒயர்

போன மாசம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில பக்கத்து இலைக்காரர் கேட்டார், "தம்பி என்ன வேலை பார்க்கறீங்க?"ன்னு. லேப் இன்டர்ஃபேசிங்னு சொன்னா அதுக்கு விளக்கம் சொல்லணும், சாம்பார் ஆறிடும். அதனால, "ஆஸ்பத்திரி லேப்ல இருக்கற மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒயர் மாட்டற வேலைங்க"ன்னேன். "அட, எலக்ட்ரீஷியனா! எங்க வீட்டு மோட்டார் ரெண்டு நாளா ஓட மாட்டேங்குது"ன்னு பிடிச்சுக்கிட்டார். பாயசம் வர்ற வரைக்கும் கெப்பாசிட்டர் மாத்திப் பாருங்கன்னு ஆலோசனை சொல்லிட்டு எழுந்து வந்தேன் :-)

அவர் கேட்டதுல தப்பில்லை. ஆனா போன வாரம் ஒரு லேப் முதலாளி கேட்டதுதான் மனசுல நிக்குது. ரெண்டு மெஷினை அவங்க சாஃப்ட்வேரோட இணைக்க எவ்வளவு ஆகும்னு கேட்டார். சொன்னேன். "என்ன சார், ஒரு கேபிள் ரிச்சி ஸ்ட்ரீட்ல இருநூறு ரூபாய்க்குக் கிடைக்குது. அதை மாட்டறதுக்கு இவ்வளவா?"ன்னார். அவருக்கு அப்பவே பதில் சொல்ல வரலை. வீட்டுக்கு வந்து யோசிச்சதுல இவ்வளவு நீளமா வந்துடுச்சு. டீ ஒண்ணு கையில எடுத்துக்கிட்டு உட்காருங்க.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போறீங்க. ஊதா மூடி போட்ட குட்டி ட்யூப்ல ரத்தம் எடுக்கறாங்க. அது செல் கவுன்டர் என்கிற மெஷினுக்குள்ள போகும். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஹீமோகுளோபின், வெள்ளை அணு, சிவப்பு அணு, பிளேட்லெட்னு சொல்ற தட்டணு எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட இருபது நம்பர் வந்து விழும். ஒயர் இல்லாத லேப்ல அதுக்கப்புறம் நடக்கறதைப் பாருங்க. மெஷின் ஒரு துண்டுச் சீட்டுல நம்பரை அச்சடிக்கும். ஒருத்தர் அதைப் பார்த்து ரெஜிஸ்டர்ல எழுதுவார். இன்னொருத்தர் ரெஜிஸ்டரைப் பார்த்து கம்ப்யூட்டர்ல தட்டுவார். டாக்டர் கையெழுத்துப் போடுவார். நூறு சாம்பிள்னா ரெண்டாயிரம் நம்பர். ரெண்டு தடவை கை மாறினா நாலாயிரம் எழுத்து வேலை. இதுல எங்கேயாவது 3.6 என்பது 6.3 ஆகாம இருந்தா அது அந்த டெக்னீஷியன்களோட திறமை. நான் அவங்களைக் குறை சொல்லவே மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு, கவுன்டர்ல பத்துப் பேர் "ரிப்போர்ட் ரெடியா, ரெடியா"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கும்போது நீங்களோ நானோ ரெண்டாயிரம் நம்பரைப் பிழையில்லாமத் தட்ட முடியுமான்னு யோசிச்சுப் பாருங்க.

அதனால ஒயர் வேணும். அதுல எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. என் சண்டையெல்லாம் ஒயர் மாட்டியாச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்களே, அதோடதான்.

மொதல்ல அந்த ஒயர் கதையைக் கொஞ்சம் சொல்லிடறேன், எனக்குப் பிடிச்ச கதை. லேப் மெஷின்கள்ல இன்னைக்கும் பின்னாடி ஒன்பது முள் வச்ச ஒரு வாய் இருக்கும். ஆர்எஸ்-232ன்னு பேரு. 1960-கள்ல டெலிபோன் மோடத்துக்காகப் பிறந்த ஏற்பாடு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இருந்து அது காணாமப் போய் எத்தனையோ வருஷமாச்சு, லேப்ல மட்டும் தாத்தா திண்ணையை விட்டு இறங்க மாட்டேங்கறார். ஒன்பது முள்ளுல நிஜமா வேலை பார்க்கறது பெரும்பாலும் மூணுதான்: ரெண்டு, மூணு, அஞ்சு. ஒண்ணு பேச, ஒண்ணு கேட்க, ஒண்ணு எர்த்துக்கு. என் வாய் உன் காதுக்கு வரணும், உன் வாய் என் காதுக்கு வரணும். அதனால ரெண்டையும் மூணையும் குறுக்கே மாத்திக் கட்டணும். சில மெஷின்ல உள்ளேயே மாத்திக் கட்டி வச்சிருப்பான். நாம வெளியில மறுபடியும் மாத்தினா வாயும் வாயும் பேசிக்கிட்டிருக்கும், காதும் காதும் கேட்டுக்கிட்டிருக்கும். ஆரம்ப காலத்துல இதுல நான் ஒரு முழு ராத்திரியைத் தொலைச்சிருக்கேன்.

அடுத்தது மொழி. 1991-ல் அமெரிக்காவுல ஏஎஸ்டிஎம் அமைப்பு ரெண்டு தரநிலை போட்டாங்க. பின்னாடி அது சிஎல்எஸ்ஐ கைக்குப் போயிடுச்சு, ஆனா லேப்ல எல்லாரும் இன்னமும் ஏஎஸ்டிஎம்னுதான் சொல்றோம். அந்த உரையாடல் நம்ம ஊர் டிரங்க் கால் மாதிரி இருக்கும். மெஷின் முதல்ல 'என்க்' அப்படின்னு ஒரு எழுத்தை அனுப்பும்: "ஹலோ, இருக்கியா?" கம்ப்யூட்டர் 'ஆக்' அனுப்பும்: "இருக்கேன், சொல்லு." மெஷின் ஒரு வரி சொல்லும். ஆரம்பத்துல போட்ட தரநிலையில ஒரு தடவைக்கு 240 எழுத்துக்கு மேல கூடாதுன்னு இருந்தது. சரியாக் கேட்டா மறுபடி 'ஆக்'. கேட்கலைன்னா 'நாக்': "என்ன சொன்னே? திரும்பச் சொல்லு." ஆறு தடவை சொல்லியும் வாங்கிக்கலைன்னா மெஷின் போனை வச்சுடும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஹலோ சொல்லிட்டா? அதுக்கும் சட்டம் இருக்கு. மெஷின் 1 வினாடி காத்திருந்தா போதும், கம்ப்யூட்டர் 20 வினாடி காத்திருக்கணும். மாப்பிள்ளை வீட்டு மரியாதை எப்பவும் மெஷினுக்குத்தான்.

சரியாக் கேட்டுதான்னு எப்படித் தெரியும்? மளிகைக் கடை அண்ணாச்சி சீட்டு போடும்போது அடியில மொத்தம் போடுவார் இல்லையா, அது மாதிரி. வரியில இருக்கற எழுத்துக்கெல்லாம் ஒரு எண் மதிப்பு உண்டு, எல்லாத்தையும் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதியை வரியோட கடைசியில ஒட்டி அனுப்புவான். நாமளும் கூட்டிப் பார்த்து, ஒத்துப் போச்சுன்னா வாங்கிக்கணும். செக்சம்னு பேரு. வழியில ஒரு எழுத்து கெட்டுப் போனாலும் பிடிச்சுடலாம்.

புது மெஷின்கள்ல நெட்வொர்க் கேபிள் மாட்டற வாய் வந்துடுச்சு. 1987-ல் தொடங்கின எச்எல்7 அமைப்போட மொழியில பேசறதும் அதிகமாயிடுச்சு. உடுப்பு மாறியிருக்கு, பேச்சு அதே மாதிரிதான். நான் அனுப்பறேன், நீ கிடைச்சுதுன்னு சொல்லு.

இவ்வளவு கட்டுப்பாடா, ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்த்து அனுப்பற ஏற்பாடு இருக்கும்போது எனக்கு எப்படி அந்தத் தப்பு நடந்ததுன்னு சொல்றேன். இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதினதில்லை.

2012. தென்மாவட்டங்கள்ல டெங்கு போட்டு வாங்கின வருஷம். ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி, ஊரும் பேரும் வேண்டாம். செல் கவுன்டரை இணைக்கக் கூப்பிட்டாங்க. டெங்குல எல்லாரும் பிளேட்லெட்டைத்தான் பார்ப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். நம்ம ஊர் ரிப்போர்ட்ல அதை லட்சத்துல எழுதுவோம். ஒன்றரை லட்சத்துல இருந்து நாலு, நாலரை லட்சம் வரைக்கும் சாதாரணம். மெஷின் லட்சம் பேசாது. பெரும்பாலும் ஆயிரத்துல பேசும். 250ன்னு அனுப்பினா ரெண்டரை லட்சம்னு அர்த்தம். அதனால நடுவுல இருக்கற சாஃப்ட்வேர்ல நூறால வகுக்கணும்.

நான் என்ன பண்ணேன், அதுக்கு முந்தின மாசம் வேற ஒரு லேப்ல பண்ணின அமைப்பை அப்படியே காப்பி அடிச்சுக் கொண்டு வந்தேன். அந்த லேப் மெஷினை ஜப்பான் கணக்குல, அதாவது பத்தாயிரத்துல வச்சிருந்தாங்க. நமக்கு லட்சம் மாதிரி அவங்களுக்குப் பத்தாயிரம் ஒரு கணக்கு. அங்கே பத்தால வகுத்தா போதும். இங்கேயும் பத்தால வகுத்து வச்சுட்டேன்.

மாட்டின உடனே நாலு சாம்பிள் ஓட்டினாங்க. கம்ப்யூட்டர்ல நம்பர் ஒவ்வொண்ணா வந்து உட்கார்ந்தது. 3.8. 2.4. 1.9. 3.1. எனக்கு ஒரே குஷி. ஒரு 'நாக்' கூட இல்லை, ஒரு செக்சம் பிழை இல்லை. எல்லாம் அழகா நார்மல் எல்லைக்குள்ள. "அக்கா, வந்துடுச்சு, பாருங்க"ன்னு கூப்பிட்டேன். அங்கே சீனியர் டெக்னீஷியன் ஒரு அக்கா. வயசு ஐம்பதுக்கு மேல. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு நிமிஷம் பார்த்தாங்க.

"தம்பி, இது நாலும் காய்ச்சல் வார்டு சாம்பிள்."

"ஆமாக்கா."

"இந்த மூணாம் பெட் பையனுக்குக் காலையில நான்தான் போட்டேன். நாப்பத்தி ரெண்டாயிரம். மத்தியானத்துக்குள்ள மூணு லட்சத்து எம்பதாயிரம் ஏறிடுச்சா? என்ன மருந்து குடுத்தீங்க, எங்க வீட்டுக்கும் கொஞ்சம் குடுங்க."

மெஷின் திரையில 38ன்னு இருந்தது. முப்பத்தெட்டாயிரம். ரிப்போர்ட்ல 0.38 லட்சம்னு வந்திருக்கணும். நான் மெஷின் திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. நம்பர் வந்துடுச்சுங்கற சந்தோஷத்துலயே நின்னுட்டேன்.

இதுல கொடுமை என்னன்னா, வார்டுல யாராவது ஆரோக்கியமான ஆள் சாம்பிள் முதல்ல ஓடியிருந்தா 250 என்பது 25 லட்சமா வந்து எனக்கே உறைச்சிருக்கும். சிரிச்சுட்டுத் திருத்தியிருப்பேன். ஆனா பத்து மடங்கு தப்பு, சரியா ஆபத்துல இருக்கறவங்களை மட்டும் எடுத்து நார்மல் எல்லைக்குள்ள உட்கார வச்சது. பார்க்கிற டாக்டருக்கு சந்தேகம் வர வழியே இல்லை. "பிளேட்லெட் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போகலாம்"னு சொல்லியிருந்தா? அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுல ஊருக்குத் திரும்பி வரும்போது தூக்கம் வரலை. இப்ப எழுதும்போதும் வயித்தைப் பிசையுது.

ஒயர் தப்பு பண்ணலை. செக்சம் தப்பு பண்ணலை. அனுப்பினது அப்படியே வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு எந்தச் செக்சமும் கூட்டிப் பார்க்காது. 1999-ல் நாசாவோட மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க் கிரகத்துக்கிட்ட போய் அழிஞ்சதே, அதுவும் இதே ஜாதித் தப்புதான். ஒரு பக்கம் பவுண்டு கணக்கு, இன்னொரு பக்கம் நியூட்டன் கணக்கு. நாசாவுக்கே நடந்திருக்குன்னு நான் என்னைச் சமாதானப்படுத்திக்கப் பார்த்தேன். ஆனா அவங்க விண்கலத்துல ஆள் இல்லை. மூணாம் பெட்ல ஒரு பையன் இருந்தான்.

அதுல இருந்து எனக்கு ஒரு பிடிவாதம். ஒயரும் டெஸ்ட்டோட ஒரு பகுதி. புது ரீஏஜெண்ட் வந்தா கன்ட்ரோல் போட்டுப் பார்க்காம எந்த லேப்பும் நோயாளி சாம்பிளைத் தொடாது. அதே மரியாதை ஒயருக்கும் தரணும். தரமான லேப்களுக்கான ஐஎஸ்ஓ 15189-ம் மெஷின்ல வந்த முடிவு கடைசி ரிப்போர்ட் வரைக்கும் மாறாமப் போகுதான்னு சரிபார்க்கச் சொல்லுது. ஆனா நான் பார்த்த வரைக்கும் அந்தச் சரிபார்ப்பை யார் செய்யறாங்க? மாட்டின நானே செய்யறேன், நானே "ஓகே"ன்னு கையெழுத்துப் போடறேன். பரீட்சை எழுதினவனே பேப்பர் திருத்தற கதை. ஐடி ஆள் "நெட்வொர்க் பிங் ஆகுது"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். மெஷின் கம்பெனி இன்ஜினியர் "எங்க பக்கம் டேட்டா போகுது"ன்னு சொல்லிடுவார். சாஃப்ட்வேர்காரன் "எங்க பக்கம் வந்துடுச்சு"ன்னு சொல்லிடுவான். மூணு பேருமே உண்மையைத்தான் சொல்றோம். அந்த நம்பர் சரியான்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆள் சாம்பிளை ஓட்டற டெக்னீஷியன். அவங்களை யாரும் கூப்பிடறதே இல்லை!

இப்ப நான் எங்கே போனாலும் டெக்னீஷியன் உட்காராம வேலையை முடிக்க மாட்டேன். குறைவா ஒண்ணு, நார்மலா ஒண்ணு, ரொம்ப அதிகமா ஒண்ணு வேணும். நடுவுல இருக்கற நம்பர் எல்லாம் நல்ல பிள்ளைங்க, பிரச்சனை ஓரத்துலதான் வரும். அளவிட முடியாத அளவுக்குக் குறைவா இருந்தா சில மெஷின் '0.1-ஐ விடக் குறைவு'ன்னு குறியோட அனுப்பும். வாங்கற சாஃப்ட்வேர் நம்பரை மட்டுமே எதிர்பார்த்தா அந்தக் குறியை முழுங்கிட்டு வெறும் 0.1ன்னு போடும், இல்லைன்னா முடிவையே தூக்கிக் குப்பையில போட்டுட்டு கம்முனு இருக்கும். அதனால அதுவும் ஒண்ணு ஓட்டணும். மெஷின் திரையையும், அச்சாகி நோயாளி கைக்குப் போற தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அவங்க படிக்கணும். நடுவுல இருக்கற என் திரையைப் பார்க்கக் கூடாது. கடைசித் தாள்தான் கணக்கு. மெஷினுக்கோ கம்ப்யூட்டருக்கோ சாஃப்ட்வேர் புதுசாப் போட்டா மறுபடி முதல்ல இருந்து. அந்த முதலாளி கேட்ட காசு இதுக்குத்தான். கேபிள் இருநூறு ரூபாதான், மறுக்கலை.

இன்னொரு விஷயம், நிறைய லேப்ல நான் பார்க்கறது. நம்பர் வருது, சந்தேகம் வர்றதில்லை.

புரியலையா? பிளேட்லெட்டுக்கே திரும்ப வர்றேன். சிலரோட ரத்தத்துல பிளேட்லெட்டுகள் ட்யூப்புக்குள்ள கொத்துக் கொத்தா ஒட்டிக்கும். ட்யூப்ல இருக்கற இடிடிஏ மருந்தாலயே சிலருக்கு இப்படி ஆகும். மெஷினால கொத்தை எண்ண முடியாது, குறைச்சுச் சொல்லும். ஆனா நல்ல மெஷின் நம்பர் பக்கத்துலயே ஒரு எச்சரிக்கைக் குறி போடும்: "கொத்து இருக்கலாம், ஸ்லைடு போட்டு நுண்ணோக்கியில பார்." அதே மாதிரி ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சிருந்தா பொட்டாசியம் பொய்யா ஏறும், பயோகெமிஸ்ட்ரி மெஷின் அதுக்கும் குறி போடும். துண்டுச் சீட்டு காலத்துல அந்தக் குறி டெக்னீஷியன் கண்ணுல பட்டே தீரும். ஒயர் வந்ததுக்கு அப்புறம்? என்னை மாதிரி ஆள் அவசரத்துல நம்பர் வர்ற இடத்தை மட்டும் படிச்சுக்கிட்டு, குறி வர்ற இடத்தை 'தேவையில்லை'ன்னு விட்டிருப்பான். சந்தேகத்தோட சொன்ன நம்பர் சத்தியமா மாறி ரிப்போர்ட்ல போய் உட்காரும். இந்த ஒரு விஷயத்துல பழைய துண்டுச் சீட்டே மேல்னு நான் சொல்வேன். டெக்னீஷியன்களே, உங்க லேப்ல நாளைக்கே பாருங்க, மெஷின் போடற குறி கம்ப்யூட்டர் திரையில தெரியுதான்னு.

ட்யூப் மேல ஒட்டற பார்கோடு பத்தித் தனியாவே எழுதலாம். சுருக்கமா: தப்பான ட்யூப்ல ஒட்டின ஸ்டிக்கரை ஒயர் திருத்தாது. ராமன் ரத்தத்தை லட்சுமணன் பேர்ல முன்னைவிட வேகமா அனுப்பும், அவ்வளவுதான்.

சரி, காசு விஷயத்துக்கு வர்றேன். மெஷின் வாங்கும்போது லேப்காரங்க என்ன கேட்கறாங்க? ஒரு மணிக்கு எத்தனை டெஸ்ட், ஒரு டெஸ்ட்டுக்கு ரீஏஜெண்ட் எவ்வளவு ஆகும், ஏஎம்சி எவ்வளவு. நிறைய இடத்துல மெஷினைச் சும்மாவே வச்சுட்டு ரீஏஜெண்ட்ல காசு எடுக்கற ஒப்பந்தம். யாரும் "இது என்ன மொழி பேசும், அந்தப் புத்தகத்தைக் குடுப்பீங்களா?"ன்னு கேட்கறதில்லை. ஒப்பந்தம் போட்டு ஆறு மாசம் கழிச்சு நான் போய் நிப்பேன். அப்பத்தான் தெரியும், அந்த வாய் பூட்டியிருக்கு, திறக்கத் தனி லைசென்ஸ், அதுக்குத் தனி காசு. ஒரு கம்பெனியில (பேர் சொல்ல மாட்டேன், கேட்காதீங்க) மொழிப் புத்தகம் வாங்கவே எனக்கு நாலு மாசம் மெயில் அனுப்ப வேண்டியிருந்தது. சாம்பிள் நோயாளியோடது, ரீஏஜெண்ட் காசு லேப்போடது, கரண்ட் பில் லேப்போடது. அதுல வர்ற நம்பர் மட்டும் கம்பெனி பூட்டுக்குள்ளயா? எனக்கு இதுல நியாயமே தெரியலை.

கம்பெனி இன்ஜினியர் நண்பர்கள் இதைப் படிச்சா கோபப்படலாம். அவங்க பக்கமும் இருக்கு. கண்டவன் வந்து மெஷின்ல கேபிள் சொருகி போர்ட்டை எரிச்சுட்டா அவங்கதான் வந்து நிக்கணும். எர்த்திங் சரியில்லாத கட்டடத்துல மெஷின் ஒரு லைன்ல, கம்ப்யூட்டர் இன்னொரு லைன்ல இருந்து, கேபிளைச் சொருகின உடனே போர்ட் போனதை நானே பார்த்திருக்கேன். அவங்க நேரத்துக்குக் காசு கேட்கறது சரி. புத்தகத்தைப் பூட்டி வைக்கறதுதான் தப்பு. அதனால முதலாளிகளுக்கு என் வேண்டுகோள்: பேரம் பேசற அன்னைக்கே, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, போர்ட் திறந்திருக்கணும், மொழிப் புத்தகம் தரணும், அமைப்பு மாத்தினா சொல்லணும்னு ஒப்பந்தத்துல எழுதி வாங்குங்க. அன்னைக்குக் கேட்டா சும்மா குடுப்பாங்க. ஆறு மாசம் கழிச்சுக் கேட்டா விலை சொல்வாங்க. தரநிலை 1991-லயே வந்தாச்சு, ஆனா ஒவ்வொரு மெஷினும் அதை அவங்கவங்க வட்டார வழக்குல பேசுது. நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் மாதிரி. புத்தகம் இல்லாம ஒட்டுக் கேட்டுத்தான் புரிஞ்சுக்கணும்.

யூஎஸ்பி கன்வெர்ட்டர் பத்தி ஒரு புலம்பல். புதுக் கம்ப்யூட்டர்ல ஒன்பது முள் வாய் இல்லாததால ஒரு கன்வெர்ட்டர் போடறோம். ஒரு லேப்ல வாரம் ஒரு நாள், திங்கட்கிழமை மட்டும், டேட்டா வராது. மூணு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில பார்த்தா, ஞாயிற்றுக்கிழமை மேசை துடைக்கிற அம்மா எல்லா ஒயரையும் கழட்டி, சுத்தமாத் துடைச்சு, மறுபடி எந்த ஓட்டை காலியோ அதுல சொருகிடுவாங்க. ஓட்டை மாறினா விண்டோஸ் போர்ட் எண்ணை மாத்திடும், சாஃப்ட்வேர் பழைய எண்ணுல காத்துக்கிட்டே இருக்கும். அந்த அம்மா தப்பு எதுவும் இல்லை. அங்கே மேசை அவ்வளவு சுத்தமா இருக்கும்.

இப்ப எல்லாரும் பயப்படற விஷயம். நெட்வொர்க்குல மாட்டினா வைரஸ் வருமே? வரும். நிறைய மெஷினோட வர்ற கம்ப்யூட்டர்ல பழைய விண்டோஸ்தான் இருக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்ல கையைக் கழுவிடுச்சு, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில. மெஷின் நல்லா ஓடுது, கம்பெனி அனுமதியில்லாம விண்டோஸை மாத்தவும் முடியாது. 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர்காரங்க முடக்கினது ஞாபகம் இருக்கா? நாள்கணக்குல எல்லாம் கையால எழுதி ஓட்டினாங்க, லேப் உட்பட. 2024 ஜூன் 3-ஆம் தேதி லண்டன்ல சின்னோவிஸ்னு ஒரு பெரிய லேப் நிறுவனத்துக்கும் அதே கதி. பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஆபரேஷன் தள்ளிப் போச்சு. ரத்த வகை பொருத்திப் பார்க்கற வேகம் குறைஞ்சதால, ஓ வகைக்காரங்க வந்து ரத்தம் குடுங்கன்னு பொது அறிவிப்பே விட்டாங்க.

இதைக் காட்டி "பார்த்தியா, அதனால நான் மாட்டவே மாட்டேன்"னு சொல்ற லேப் முதலாளிகள் இருக்காங்க. அவங்களோட எனக்கு ஒப்புதல் இல்லை. அது விபத்துக்குப் பயந்து ரோட்டையே தாண்டாத கதை, இந்தப் பக்கம் தினமும் 3.6 என்பது 6.3 ஆகிக்கிட்டுதான் இருக்கும். மெஷின் எல்லாம் ஒரு தனி நெட்வொர்க்குல இருக்கட்டும், லேப் சர்வரோட மட்டும் பேசட்டும், இன்டர்நெட் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் சொருகி யாரும் சினிமாப் பாட்டு காப்பி பண்ணக் கூடாது (சிரிக்காதீங்க, பார்த்திருக்கேன்). அப்புறம், மாசத்துல ஒரு நாள் ஒரு மணி நேரம் ஒயரைக் கழட்டிட்டு, பழையபடி துண்டுச் சீட்டும் ரெஜிஸ்டருமா வேலை பார்த்துப் பழகணும். புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு அந்த ரெஜிஸ்டர்ல எப்படிக் கோடு போடறதுன்னே தெரியாது. எய்ம்ஸ்ல கையால எழுதி ஓட்ட முடிஞ்சதுக்குக் காரணம், எழுதத் தெரிஞ்சவங்க அங்கே இருந்ததுதான்னு நான் நினைக்கிறேன்.

அந்த முதலாளி நேத்து போன் பண்ணினார். ரெண்டு மெஷின் வேண்டாம், ஒண்ணு மட்டும் இப்பப் பண்ணலாம்னு பேரம். செல் கவுன்டரையே முதல்ல பண்ணுங்கன்னு சொன்னேன். வியாழக்கிழமை போறேன். குறைஞ்ச பிளேட்லெட் சாம்பிள் ஒண்ணாவது வந்திருக்கற நேரமாப் பார்த்துக் கூப்பிடுங்க, உங்க டெக்னீஷியனுக்கு அன்னைக்கு ரெண்டு மணி நேரம் வேற வேலை குடுக்காதீங்கன்னு கேட்டிருக்கேன். "அவங்க எதுக்கு சார், ஒயர் நீங்கதானே மாட்டறீங்க?"ன்னார். நேர்ல வந்து சொல்றேன்னு வச்சுட்டேன்.

பி.கு: அந்த அக்கா ரிட்டயர் ஆகி நாலு வருஷம் ஆகுது. போன தீபாவளிக்கு முன்னாடி அதே ஆஸ்பத்திரிக்கு வேற வேலையாப் போயிருந்தேன். செல் கவுன்டர் புதுசு, கம்ப்யூட்டர் புதுசு, ஆளும் புதுசு. மெஷின் நெத்தியில காயத்துக்குப் போடற வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டி, பேனாவால '38 = 0.38'ன்னு எழுதியிருந்தது. பழைய மெஷின்ல அன்னைக்கு அக்கா அப்படி ஒட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு. இது வேற கையெழுத்து. எதுக்கு இதுன்னு அங்கே இருந்த பொண்ணைக் கேட்டேன். "தெரியலை சார், பழைய மெஷின்ல இருந்துச்சாம். மாத்தினா இதையும் எழுதி ஒட்டணும்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒயர் மாட்ட யார் வந்தாலும் முதல்ல இதைப் படிக்கச் சொல்லணுமாம்" என்றாள்.